அல்சைமர் நோயும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களும்

மனித மூளை உடல் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி நியூரான்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்கே போகிறது. ஒவ்வொரு முறை செய்தி பாய்ந்த பிறகும் செல்லுக்குள் புகுந்த சோடியத்தை வெளியேற்ற வேண்டும், வெளியேறிய பொட்டாசியத்தை உள்ளே இழுக்க வேண்டும், சினாப்ஸ் எனப்படும் நரம்பு இணைப்பில் கொட்டிய வேதிப்பொருளைத் திரும்பச் சேகரிக்க வேண்டும். இவை அத்தனைக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தேவை. அதைத் தயாரித்துக் கொடுப்பவை செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள். தோல் செல்லும் குடல் செல்லும் சில நாட்களிலோ வாரங்களிலோ புதிதாகிவிடும். பெரும்பாலான நியூரான்களுக்கு அந்த வசதி கிடையாது. எழுபது, எண்பது ஆண்டுகள் அதே செல்தான் உழைக்க வேண்டும். அதன் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள புரதங்கள் பழுதாகப் பழுதாக மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தால்தான் அது முடியும். அல்சைமர் நோயில் இந்தப் பராமரிப்பு பல இடங்களில் தடுமாறுகிறது.

அல்சைமர் என்றதும் மருத்துவ நூல்கள் முதலில் சொல்வது வேறு இரண்டு அடையாளங்களைத்தான். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண் நோயாளியின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து விவரித்தவை அவை: செல்களுக்கு வெளியே படிவுகள், செல்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழை முடிச்சுகள். படிவில் இருப்பது அமிலாய்டு பீட்டா என்ற சிறு புரதத் துண்டு. முடிச்சில் இருப்பது டௌ என்ற புரதம். அமிலாய்டுதான் முதல் கோளாறு, மற்றதெல்லாம் அதன் விளைவு என்ற கருத்தை 1992இல் ஜான் ஹார்டியும் ஜெரால்ட் ஹிக்கின்ஸும் முன்வைத்தனர். மருந்து ஆராய்ச்சியின் பெரும்பங்கு அந்த வழியில்தான் சென்றது. 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற மருந்து படிவுகளைத் துடைத்தெடுக்கிறது. ஆனால் 18 மாதச் சோதனையில் நோயின் சரிவை 27 சதவீதம் மட்டுமே அதனால் மெதுவாக்க முடிந்தது. படிவு போன பிறகும் நியூரான் நலியக் காரணம் என்ன என்ற கேள்வி அதனால் கூர்மையானது. அதற்கான விடைகளுள் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு. தாயிடமிருந்து மட்டுமே வரும் இந்தச் சிறு வளையத்தை 1981இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் முழுமையாகப் படித்து முடித்தனர்: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். இவற்றுள் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் காணப்படும் புரதங்களோ 1,100க்கும் அதிகம். மற்றவை எல்லாம் செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களின்படி வெளியே தயாராகி, உள்ளே கொண்டுவரப்படுபவை. இந்த ஏற்பாடு நோயைப் புரிந்துகொள்ள மிக முக்கியம். ஏனெனில் இரு இடங்களிலிருந்து வரும் உறுப்புகள் சரியான எண்ணிக்கையில், சரியான நேரத்தில் ஒன்றுசேர்ந்தால்தான் ஆற்றல் தயாரிப்பு நடக்கும்.

அந்தத் தயாரிப்பு நடப்பது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில். உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கைமாற்றும் நான்கு பெரிய புரதக் கூட்டங்கள் அங்கே உண்டு. அவற்றை முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம் என்று எண் வைத்தே அழைக்கிறார்கள். எலக்ட்ரான்கள் நகர நகர, புரோட்டான்கள் சவ்வின் வெளிப்பக்கம் தள்ளப்படுகின்றன. திரும்பி உள்ளே வரத் துடிக்கும் புரோட்டான்களின் விசையால் ஐந்தாவதான ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி உண்மையாகவே சுழன்று ஏ.டி.பி.யைத் தயாரிக்கிறது. முதல் கூட்டத்தில் மட்டும் சுமார் 45 புரதங்கள் உண்டு. அவற்றில் 7 மைட்டோகாண்ட்ரியாவின் சொந்தத் தயாரிப்பு, மற்றவை வெளியிலிருந்து வருபவை. நான்காம் கூட்டமான சைட்டோகுரோம் ஆக்சிடேஸில் சொந்தத் தயாரிப்பு 3. இந்தக் கூட்டம்தான் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கடைசியாகப் பயன்படுத்தும் இடம்.

அல்சைமர் நோயில் முதலில் கண்ணில் பட்ட குறைபாடும் இங்கேதான். 1990இல் அமெரிக்க மருத்துவர் டேவிஸ் பார்க்கரின் குழு, நோயாளிகளின் இரத்தத் தட்டணுக்களில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் செயல்திறன் குறைந்திருப்பதாக அறிவித்தது. பிறகு இறந்த நோயாளிகளின் மூளைகளிலும் அதே குறை காணப்பட்டது. தட்டணுவில் அமிலாய்டு படிவும் கிடையாது, டௌ முடிச்சும் கிடையாது. அப்படியிருக்க அங்கேயும் குறை தெரிந்தால், அது மூளை அழிவின் வெறும் பின்விளைவாக இருக்க முடியுமா என்று சிலர் கேட்டனர். எல்லா ஆய்வுக்கூடங்களும் இந்த முடிவை ஒரே அளவில் மீண்டும் காணவில்லை என்றாலும், கேள்வி செத்துப்போகவில்லை.

ஆற்றல் சங்கிலிக்கு முந்தைய கட்டத்திலும் குறைகள் உண்டு. குளுக்கோஸிலிருந்து வந்த பைருவேட்டை மைட்டோகாண்ட்ரியாவின் வேலைக்கு ஏற்றதாக மாற்றும் பைருவேட் டிஹைட்ரஜனேஸ், சிட்ரிக் அமிலச் சுழற்சியில் உள்ள ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட் டிஹைட்ரஜனேஸ் ஆகிய இரண்டு நொதிகளின் செயல்பாடும் நோயாளிகளின் மூளையில் சரிந்திருக்கிறது. இரண்டுக்கும் தையமின் எனப்படும் வைட்டமின் பி1 துணை தேவை. உயிரோடு இருப்பவரின் மூளையில் குளுக்கோஸ் எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதைப் ‘பெட்’ ஸ்கேன் காட்டும். அல்சைமர் நோயாளிகளுக்குப் பொட்டு மடலிலும் உச்சி மடலிலும் அந்தச் செலவு குறைந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. 2004இல் எரிக் ரைமன் குழு ஒரு படி முன்னே சென்றது. நோய் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு வடிவத்தைக் கொண்டவர்களில், 20 முதல் 39 வயதுக்குள் நல்ல நினைவாற்றலோடு இருப்பவர்களுக்கும் சில பகுதிகளில் குளுக்கோஸ் செலவு குறைவாக இருந்தது. நோய் வரக்கூடிய வயதுக்குப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே இது தெரிந்தது.

புரதங்கள் எப்படிக் கெடுகின்றன என்று பார்த்தால், மிகத் தெளிவாகத் தெரிவது அவை உள்ளே நுழையும் வாசலில் நடப்பது. வெளியே தயாராகும் மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் பலவற்றின் முன்நுனியில் ஒரு முகவரித் துண்டு ஒட்டியிருக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உள்ள டாம்20 என்ற புரதம் அதை அடையாளம் காணும். பிறகு டாம்40 என்ற குழாய் வழியாகவும், உட்சவ்வில் உள்ள டிம்23 என்ற குழாய் வழியாகவும் புரதம் மடிப்பு கலைந்து நூலாக உள்ளே போகும். உள்ளே போனதும் ஒரு நொதி முகவரித் துண்டை வெட்டி எடுத்துவிடும். வெட்டப்பட்ட துண்டுகளைப் பிரெப் என்ற இன்னொரு நொதி சிதைத்து அழித்துவிடும்.

அமிலாய்டு பீட்டா எந்தப் பெரிய புரதத்திலிருந்து வெட்டப்படுகிறதோ, அந்த முன்னோடிப் புரதத்திலும் இப்படி ஒரு முகவரி இருக்கிறது. ஆகவே அதுவும் டாம்40 குழாய்க்குள் தலையை நுழைக்கிறது. ஆனால் அதன் நடுவே அமிலத்தன்மை மிகுந்த ஒரு நீண்ட பகுதி உண்டு. அது குழாயைத் தாண்டிப் போகாது. வாசல் நிலையில் கட்டில் குறுக்காகச் சிக்கிக்கொள்வதுபோல, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக முன்னோடிப் புரதம் நின்றுவிடுகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லதா தேவி, ஆனந்ததீர்த்தவரதா ஆகியோரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு, அல்சைமர் நோயாளிகளின் மூளை மைட்டோகாண்ட்ரியாவில் இந்த அடைப்பைக் காட்டியது. அதே வயதுடைய, நோயில்லாதவர்களின் மூளையில் அது இல்லை. நோய் கடுமையாகப் பாதித்த பகுதிகளில் அடைப்பும் அதிகம். அடைப்பு உள்ள மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் வெளி உறுப்புகளால் நுழைய முடியவில்லை. நான்காம் கூட்டம் ஏன் நலிகிறது என்பதற்கு இதைவிடக் கண்கூடான விளக்கம் குறைவு.

டாம்40 புரதத்துக்கான மரபணு, 19ஆம் குரோமோசோமில் ஏபிஓஇ மரபணுவுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறது. இந்த நெருக்கமே ஆராய்ச்சியாளர்களைத் திணறடித்தது. நோயோடு தொடர்புள்ளதாகத் தெரியும் ஒரு மரபணு வேறுபாடு டாம்40இன் வேலையா, பக்கத்து ஏபிஓஇயின் வேலையா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

வாசலைத் தாண்டிய பின்னும் தொல்லை இருக்கிறது. அமிலாய்டு பீட்டாவே சிறு அளவில் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடுகிறது. அதைச் சிதைப்பதும் முன்பு சொன்ன பிரெப் நொதிதான். 2014இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் விஞ்ஞானிகள் இதன் விளைவைக் காட்டினர். அமிலாய்டு பீட்டா பிரெப்பை முடக்கிவிடுகிறது. அதனால் வெட்டப்பட்ட முகவரித் துண்டுகள் அழியாமல் தேங்குகின்றன. தேங்கிய துண்டுகள் வெட்டும் நொதியையும் தடுக்கின்றன. முடிவில், முகவரித் துண்டு நீங்காத அரைகுறைப் புரதங்கள் உள்ளே குவிகின்றன. ஈஸ்ட்டில் தொடங்கிய இந்த ஆய்வு, நோயாளிகளின் மூளையிலும் அத்தகைய முதிராப் புரதங்கள் இருப்பதைக் கண்டது. எதிர்த்திசையிலும் சான்று உண்டு. நார்வேயில் ஒரு குடும்பத்தில் பிரெப்புக்கான மரபணுவே பழுதுபட்டு, மெல்ல மெல்ல மூளை நலிவு ஏற்பட்டது. அந்த மரபணுவின் ஒரு பிரதியை இழந்த எலிகளின் மூளையில் அமிலாய்டு சேர்ந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் தொடங்கிய கோளாறு அமிலாய்டில் போய் முடியவும் கூடும் என்பதே இதன் பொருள்.

உள்ளே போன அமிலாய்டு பீட்டா வேறு சில புரதங்களையும் பிடித்துக்கொள்கிறது. 2004இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு டிஹைட்ரஜனேஸ் நொதியோடு அமிலாய்டு நேரடியாகப் பிணைவதைக் காட்டியது. 2008இல் சைக்ளோஃபிலின்-டி என்ற இன்னொரு புரதத்தின் பங்கு வெளிப்பட்டது. செல்லில் கால்சியம் மிகும்போது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் ஓர் ஓட்டை திறக்கும். அந்தத் திறப்பை நடத்திவைப்பது இப்புரதம். அமிலாய்டு அதனோடு சேர்ந்தால் ஓட்டை எளிதில் திறந்து, உள்ளிருப்பவை வெளியேறுகின்றன. சைக்ளோஃபிலின்-டி இல்லாதபடி வளர்க்கப்பட்ட அல்சைமர் மாதிரி எலிகளின் கற்றலும் நினைவும் மேம்பட்டிருந்தன.

டௌ புரதம் தாக்கும் இடம் வேறு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆன் எக்கர்ட் குழு 2009இல், அமிலாய்டு, டௌ இரண்டும் கெட்டுப்போன எலிகளின் மூளைப் புரதங்களை அளந்தது. அளவில் பெரிதும் பிறழ்ந்திருந்த புரதங்கள் 24. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்தவை. முதல் கூட்டத்தின் கோளாறு டௌவைச் சார்ந்தும், நான்காம் கூட்டத்தின் கோளாறு அமிலாய்டைச் சார்ந்தும் இருந்தன. இரண்டும் சேர்ந்தபோது பாதிப்பு கூடியது. இது போதாதென்று டௌ போக்குவரத்தையும் கெடுக்கிறது. நியூரானின் நீண்ட ஆக்ஸான் வழியே மைட்டோகாண்ட்ரியாக்களை இழுத்துச் செல்லும் கினெசின் என்ற புரதத்துக்கு, மிகுதியான டௌ தடையாக நிற்கிறது. நுனியில் உள்ள சினாப்ஸுக்குப் புது மைட்டோகாண்ட்ரியா வந்து சேர்வதில்லை. நினைவு தவறுவதோடு மிக நெருங்கிய தொடர்புடையது சினாப்ஸ்களின் இழப்புதான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

புரதங்கள் அளவில் குறைவது ஒரு பக்கம். இருக்கும் புரதங்களே உருக்குலைவது இன்னொரு பக்கம். எலக்ட்ரான் கைமாற்றத்தில் சிந்தும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து வினைமிகு மூலக்கூறுகளாகின்றன. அவை அருகில் உள்ள புரதங்களில் ஒட்டி, அவற்றின் வேலையைக் கெடுக்கும். கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆலன் பட்டர்ஃபீல்டின் குழு இவ்வாறு கெட்ட புரதங்களை நோயாளிகளின் மூளையில் ஒவ்வொன்றாக இனங்கண்டது. அந்தப் பட்டியலில் ஏ.டி.பி. சிந்தேஸின் ஆல்ஃபா உறுப்பும் இருக்கிறது. ஆற்றலைத் தயாரிக்கும் கடைசி நொதியே அடிபடுகிறது.

மைட்டோகாண்ட்ரியாக்கள் ஓயாமல் பிளந்தும் இணைந்தும் கொண்டிருப்பவை. டிஆர்பி1 என்ற புரதம் பிளக்கும். மைட்டோஃபியூசின்களும் ஓபிஏ1 என்ற புரதமும் இணைக்கும். அல்சைமர் மூளையில் தராசு பிளவின் பக்கம் சாய்ந்து, துண்டு துண்டான மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன என்பதில் ஓரளவு உடன்பாடு இருக்கிறது. விவரத்தில் சண்டை. இணைக்கும் புரதங்கள் குறைவதைப் பல குழுக்கள் கண்டன. டிஆர்பி1 விஷயத்தில், அது குறைந்திருப்பதாக ஒரு குழு 2009இல் சொன்னது. கூடியிருப்பதாக இன்னொரு குழு 2011இல் சொன்னது. இறந்தவரின் மூளையிலிருந்து எடுக்கும் திசு எந்தப் பகுதி, நோயின் எந்தக் கட்டம், இறந்து எத்தனை மணி நேரம் கழித்து எடுக்கப்பட்டது என்பதையெல்லாம் பொறுத்து அளவு மாறும். இந்தத் துறையின் முடிவுகளை ஒரே ஆய்வை நம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பழுதான மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் செல்லில் உண்டு. சவ்வின் மின்னழுத்தம் விழுந்த மைட்டோகாண்ட்ரியாவின் மேல் பிங்க்1 என்ற புரதம் சேரும். அது பார்க்கின் என்ற புரதத்தை அழைக்கும். பார்க்கின் அடையாளம் வைத்த மைட்டோகாண்ட்ரியாவைச் செல் விழுங்கிச் செரித்துவிடும். அல்சைமர் நோயில் இந்த வேலை மந்தமாகிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வேலையைத் தூண்டும் பொருள்களைக் கொடுத்தபோது எலிகளிலும் புழுக்களிலும் நினைவுக் குறை சீராகி, அமிலாய்டும் குறைந்தது. அப்படிக் கொடுக்கப்பட்டவற்றுள் ஒன்று யூரோலித்தின்-ஏ. மாதுளையில் உள்ள சில பொருள்களிலிருந்து குடல் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது அது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஒரு புரதம், ஒரு நொதி என்று தேர்ந்தெடுத்துப் பார்த்த ஆய்வுகள். முன்கூட்டியே எதையும் தேர்ந்தெடுக்காமல் மூளையின் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே மூச்சில் அளக்கும் புரோட்டியோமிக்ஸ் முறை வந்தபிறகு படம் விரிந்தது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் செய்ஃபிரைட், ஆலன் லீவி ஆகியோரின் குழு 2020இல், 2,000க்கும் மேற்பட்ட மூளைகளிலிருந்தும் ஏறத்தாழ 400 பேரின் மூளைத் தண்டுவட நீரிலிருந்தும் கிடைத்த முடிவுகளை வெளியிட்டது. நோயோடு நெருங்கிய தொடர்புடையதாக வெளிப்பட்டது சர்க்கரை வளர்சிதை மாற்றப் புரதங்களின் தொகுதி. அது நியூரான்களை விட ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா என்ற துணைச் செல்களோடு அதிகம் இணைந்திருந்தது. படிவு இருந்தும் மறதி தொடங்காதவர்களிடமே அந்த மாற்றம் தெரிந்தது. ஆற்றல் கோளாறை நியூரானுக்குள் மட்டும் தேடியது போதாது என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம்.

இனி, எது காரணம், எது விளைவு என்ற வழக்கு. 2004இல் ரஸ்ஸல் ஸ்வெர்ட்லோவும் ஷஹாரியார் கானும், முதுமையில் தாமதமாக வரும் அல்சைமர் நோயில் மைட்டோகாண்ட்ரியாவின் தளர்ச்சியே முதலில் வருகிறது, அமிலாய்டும் டௌவும் அதைத் தொடர்கின்றன என்று முன்மொழிந்தனர். நோயாளிகளின் தட்டணுக்களிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரியாவை, சொந்த மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. நீக்கப்பட்ட வேறு செல்லில் வைத்தபோது நான்காம் கூட்டத்தின் குறை அந்தச் செல்லுக்கும் வந்தது. தாய்க்கு அல்சைமர் இருந்த பிள்ளைகளுக்கு மூளையின் குளுக்கோஸ் செலவு கூடுதலாகக் குறைந்திருப்பதும் இதற்குத் துணையாகக் காட்டப்படுகிறது. எதிர்த்தரப்பின் வாதம் இன்னும் வலுவானது. இளவயதிலேயே பரம்பரையாக வரும் அல்சைமருக்குக் காரணமான மூன்று மரபணுக்களும் அமிலாய்டு பீட்டாவின் உற்பத்தியோடு தொடர்புடையவை. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலிப் புரதங்களில் அப்படி ஒரு நேரடிக் காரணம் இதுவரை நிறுவப்படவில்லை. ஆகவே பரம்பரை வகையில் அமிலாய்டு முதல் அடி எடுத்து வைக்கிறது என்று கொள்வதே நியாயம். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதோ முதுமை வகை. அதில் இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு சுழல்கின்றன என்பதே கையிலிருக்கும் சான்றுகளுக்குப் பொருந்துகிறது.

மருந்துகளின் கதை அவ்வளவு உற்சாகமாக இல்லை. ரஷ்யாவில் ஒவ்வாமைக்குக் கொடுக்கப்பட்ட டைமிபான் என்ற பழைய மருந்து மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் என்று சொல்லப்பட்டது. 2008இல் வந்த சோதனை முடிவு நம்பிக்கை அளித்தது. 2010இல் பெரிய சோதனையில் மருந்து தோற்றது. நீரிழிவு மருந்தான பயோகிளிட்டசோனைக் குறைந்த அளவில் கொடுத்து, டாம்40, ஏபிஓஇ மரபணுக்களின்படி ஆபத்து அதிகம் என்று கணிக்கப்பட்டவர்களுக்கு நோய் தள்ளிப்போகிறதா என்று பார்த்த பெரும் சோதனை 2018இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. நினைவுத் திறன் லேசாகக் குறைந்தவர்களுக்கு வைட்டமின்-இ கொடுத்த சோதனையும் 2005இல் ஏமாற்றத்தில் முடிந்தது. இன்னொரு பக்கம், மயோ கிளினிக்கில் யூஜீனியா துருஷினாவின் குழு ஆராயும் சிபி2 என்ற பொருள் முதல் கூட்டத்தின் வேலையை லேசாகக் குறைக்கிறது. எலிகளின் நிலை அதனால் தேறுகிறது! சிறிய நெருக்கடி தந்தால் செல் தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை முடுக்கிவிடுகிறது என்பது விளக்கம். மைட்டோகாண்ட்ரியாவை ‘ஊக்கப்படுத்தினால்’ போதும் என்ற எளிய கணக்கு எவ்வளவு மேலோட்டமானது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கோ-என்சைம் கியூ10 போன்ற மாத்திரைகள் ‘மைட்டோகாண்ட்ரியாவுக்கு நல்லது’ என்ற பெயரில் மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படுகின்றன. அல்சைமர் நோயாளிகளுக்கு அதை 16 வாரம் கொடுத்துப் பார்த்து 2012இல் வெளியான சோதனையில், தண்டுவட நீரில் உள்ள நோய் அடையாளப் பொருள்கள் மாறவில்லை. அதே சோதனையில் வைட்டமின் இ, சி, லிப்போயிக் அமிலம் மூன்றையும் சேர்த்து எடுத்தவர்களின் மனத்திறன் மதிப்பெண் சற்று வேகமாகவே இறங்கியது. 2024இல் லான்செட் ஆணையம் முதுமை மறதிக்கான மாற்றக்கூடிய காரணங்களாக 14ஐப் பட்டியலிட்டது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உடலுழைப்பின்மை, கேட்கும் திறன் குறைவு ஆகியவை அவற்றுள் அடங்கும். பட்டியல் முழுவதையும் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. வீட்டில் பெரியவர்களுக்கு மறதி கூடுவதாகத் தோன்றினால் இத்தகைய மாத்திரைகளைத் தாமாக வாங்கிக் கொடுக்காமல், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று தைராய்டு, வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் சேர்த்து எடுத்துப் பார்ப்பது நல்லது. அந்தக் குறைபாடுகளால் வரும் மறதிக்குச் சிகிச்சை உண்டு.